குடோன் பொறுப்பாளருக்கு வேலை விவரம் எழுதுவது எப்படி?

தெற்குமாசி:
வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியில் ஜவுளி மொத்த வியாபாரம், குடோன் கப்பலூரில். மொத்தம் 14 பேர். குடோனுக்குப் பொறுப்பாக ஒருவரை எடுக்கிறோம். அவர் வேலை என்ன என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். 'சரக்கைக் கவனிப்பது, கணக்கைப் பராமரிப்பது, நேர்மையாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பது, முதலாளி சொல்லும் பிற வேலைகள்' என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

குடோன்சாவி:
போதாதுங்க அண்ணே. 'கவனிப்பது' என்று எழுதினால் 20 பீஸ் குறையும்போது நீங்கள் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? கவனித்துக்கொண்டுதானே இருந்தேன் என்பார், அது உண்மையாகவும் இருக்கும். எதை, எப்போது, எதோடு ஒப்பிட்டு, யாரிடம் சொல்லி என்பது வரியிலேயே இருக்கவேண்டும். இப்படி:

'லாரி செட்டிலிருந்து வரும் பண்டல்களை இறக்கும்போதே எல்.ஆரில் (லாரி செட் தரும் சரக்கு ரசீது) உள்ள எண்ணிக்கையோடு சரிபார்ப்பார். தையல் பிரிந்தோ நனைந்தோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதை எல்.ஆர். நகலில் எழுதி போட்டோ எடுப்பார். அன்று மாலை 6 மணிக்குள் பிரித்து, டிசைன் எண்ணையும் பீஸ் கணக்கையும் பில்லோடு ஒப்பிட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவார். குறைவு இருந்தால் அன்றே கடைக்குச் சொல்வார்.'

எதையும் குறிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் குறைவு என்று போனால் லாரி செட்டில் பேச்சு எடுபடாது. அதனால்தான் அந்த 'முன்பே'. இதுபோல ஏழெட்டு வரி, ஒரே பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் திரும்ப எடுத்துப் படிக்கமாட்டார்கள். நேர்மை, சுறுசுறுப்பு எல்லாம் ஆள் எடுக்கும்போது விசாரிக்கவேண்டியவை, வேலை விவரத்தில் சேராது.

எழுத உட்காரும் முன், இப்போது குடோனைப் பார்ப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று குறிக்கச் சொல்லுங்கள். இருப்பு எண்ணும் மாதக் கடைசி வாரமாக இருந்தால் நல்லது. நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்று, நடப்பது வேறு.

பில்மேசை:
இரண்டு பேர் கைபடும் வேலையில்தான் தகராறு வரும். சரக்கு வண்டியில் போக ஜிஎஸ்டியில் ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லையே பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கு அது வேண்டும். பில் விவரமுள்ள அதன் முதல் பகுதியைக் கடையில் பில் போடுபவர் ஏற்றிவிடுவார். லாரி நம்பர் கப்பலூரில்தான் தெரியும். இரண்டாம் பகுதியில் அதை ஏற்றுவது யார் என்று எழுதாவிட்டால், அவர் போட்டிருப்பார் என்று இவரும், இவர் போட்டிருப்பார் என்று அவரும் இருக்க, லாரி கிளம்பிவிடும். வழியில் மடக்கினால் வண்டியும் சரக்கும் அங்கேயே நிற்கும். 'லாரி நம்பரைக் குடோன் பொறுப்பாளர் ஏற்றியபிறகே வண்டி கிளம்பும்' என்று இரண்டு பேர் தாளிலும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.

இறக்குகூலி, ஆட்டோ வாடகைக்கு எவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவு செய்யலாம், சாவி யார் யாரிடம், லீவு போட்டால் யார் பார்ப்பது, இவையும் வேண்டும். 'பிற வேலைகள்' வரியை எடுக்கவேண்டாம், 'கடை, குடோன் சார்ந்த' என்று முன்னால் சேருங்கள். வீட்டு வேலைக்கு அனுப்பும் பழக்கம் அதோடு நிற்கும்.

சம்பளப்பட்டியல்:
நேரத்தை மறக்காதீர்கள் சார். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947 குடோனுக்கும் பொருந்தும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தீபாவளி நேரத்தில் கூடுதல் வேலை உண்டென்றால் அதையும், அதற்கு இரட்டிப்புச் சம்பளம் என்பதையும் எழுதுங்கள். கடைப் பையன்களுக்கு எழுதும்போது 'நாள் முழுக்க நிற்கவேண்டும்' என்று போட்டுவிடாதீர்கள். உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது.

14 பேர் என்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு, சம்பளம் 21,000 வரை. 16,000 என்றால் அவர் பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். கடையின் பங்கு 3.25 சதவீதம், 520. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் முதல் சம்பளத்தன்று மனக்கசப்பு இருக்காது.

தெற்குமாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு வரி மாற்றி எழுதினேன்: 'மாதக் கடைசியில் இருப்பை எண்ணி ரிஜிஸ்டரோடு ஒப்பிடுவார்.' சரியா?

குடோன்சாவி:
பாதி சரிங்க அண்ணே. ரிஜிஸ்டர் எழுதுபவரே தனியாக எண்ணினால் எண்ணிக்கை எப்போதும் சரியாகத்தான் வரும். 'கடையிலிருந்து வரும் ஒருவரோடு சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திடுவர்' என்று முடியுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர் கையிலேயே கொடுங்கள்.