தப்பு எழுதியிருக்கும் நோட்டு: நல்ல கிளினிக் மேனேஜரை எப்படி அடையாளம் காண்பது?

தொடக்கப் பதிவு, வேலூர்

ஜூலை 1 டாக்டர்களுக்கு, மே 12 நர்ஸ்களுக்கு. அந்த நாட்களில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேக், பூங்கொத்து, சால்வை. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்க ஏற்பாடு செய்து, ராத்திரி ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற மேனேஜருக்கு நம் பக்கத்தில் யாரும் மாலை போட்டுப் பார்த்ததில்லை. இந்த வருடம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துச் சிறு ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் சேர்ந்து ஒருவரைக் கௌரவிக்கலாம் என்று பேச்சு. நிர்வாகத் திறமை, ஊருக்குச் செய்த தொண்டு, இரண்டையும் பார்த்து.

"நல்ல மனுஷர், எல்லாரிடமும் அன்பாகப் பேசுவார்" என்று பரிந்துரை வந்தால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாருக்கும் அதையேதான் எழுதுவார்கள். நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த மேனேஜர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், எங்கே சறுக்கியது, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். நம் சொந்தக் கதையையும் தள்ளி வைப்போம்.

ஓ.பி. கவுன்ட்டர், காட்பாடி

இரண்டு டாக்டர், ஒரு நாளைக்கு 120 ஓ.பி. ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டரைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள் என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். அந்த மேனேஜர் மேடம் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டோக்கன் சீட்டின் பின்னால் நான்கு கட்டம் அச்சடித்தார்: டோக்கன் வாங்கிய நேரம், பி.பி. பார்த்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், மருந்து வாங்கி வெளியேறிய நேரம். ஆறு நாள் சீட்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினார். டாக்டர் அறைக்குள் ஆறேழு நிமிடம்தான். பழைய ஃபைலைத் தேடி எடுக்க இருபது நிமிடம்.

ஃபைல்கள் பெயர் வரிசையில் இருந்தன. கோளாறே அங்கேதான். எஸ். குமார், குமார் எஸ்., குமார் சண்முகம் மூன்றும் ஒரே ஆள், மூன்று ஃபைல். ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்கள் வந்தால் முகமது, முகம்மது, முஹம்மத் என்று ஒவ்வொரு ஷிப்டும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். மேடம் பெயரையே விட்டுவிட்டு எண்ணுக்கு மாறினார். அதுவும் 1, 2, 3 என்ற வரிசையில் இல்லை. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ அந்தத் தட்டு, 00 முதல் 99 வரை நூறு தட்டு. 18427 என்றால் 27ஆம் தட்டு. நேர் வரிசையில் அடுக்கினால் புது ஃபைல் எல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும், நான்கு பேர் அங்கே இடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த முறையில் கூட்டம் நூறு தட்டுக்கும் பிரிந்துவிடும். ஃபைலை எடுத்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை, அதில் தேதியும் போன அறையும். 27இல் காணோம் என்றால் முதலில் 72ஐப் பார்க்க வேண்டும், இலக்கம் மாற்றி வைப்பதுதான் வழக்கமான தப்பு.

முதல் பத்து நாள் பழைய முறையைவிட மோசமாகத்தான் போனது. பழைய ஃபைல் அத்தனைக்கும் ஒரே மூச்சில் எண் போடப் பார்த்தார்கள், முடியவில்லை. வருகிற நோயாளியின் ஃபைலுக்கு மட்டும் அன்றன்று எண் போட்டால் போதும் என்று மாற்றிய பிறகுதான் ஓடியது. பரிந்துரையில் அந்தப் பத்து நாளையும் எழுத வேண்டும் என்பேன்.

லேப், வேலூர்

ஒரு சின்ன விஷயம். நம் ஊருக்கு வைத்தியத்துக்காக வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எல்லாருக்கும் தெரியும். சித்தூர், பலமநேர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் வேறு. வெறும் வயிற்றில் வாருங்கள் என்று ஐந்து மொழியில் போர்டு வைத்தும் சுகர் ரிசல்ட் தப்பாக வந்துகொண்டிருந்தது. டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு என்று பலர் கணக்கில் எடுப்பதில்லை. நம்மவர்களும்தான்: "டீ மட்டும்தாங்க குடிச்சேன்." அங்கிருந்த மேனேஜர் போர்டைக் கழற்றிவிட்டுப் படம் மாட்டினார். டீ டம்ளர், பிஸ்கட், வாழைப்பழம் மூன்றுக்கும் குறுக்குக் கோடு, தண்ணீர் டம்ளருக்கு டிக். சாப்பிட்ட பிறகு எடுக்கும் டெஸ்ட்டுக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதற்கு ஒரு கடிகாரப் படம். செலவு பிளக்ஸ் அடித்த காசு மட்டும். திரும்ப ரத்தம் எடுப்பது குறைந்தது.

நர்சிங் சூப்பரின்டெண்டன்ட், ராணிப்பேட்டை

மேனேஜரை எடை போட வேண்டுமா, தடுப்பூசி பிரிட்ஜின் வெப்பநிலை நோட்டைக் கேட்டு வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை எழுத வேண்டும். பெரும்பாலான இடத்தில் 30 நாளும் "4", ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாள் ஒரே உட்காரலில் எழுதியது. ஏப்ரல், மே வேலூர் வெயிலில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், மாதம் முழுக்க 4 டிகிரியிலேயே நிற்கிற பிரிட்ஜ் எங்கே இருக்கிறது?

ஒரு மேனேஜர் வைத்திருந்த நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை "11" என்று இருந்தது. சிவப்பு மையில், கீழே கையெழுத்தோடு. பக்கத்தில்: "இரவு பிளக் கழன்றிருந்தது. செல்போன் சார்ஜர். மருந்துகள் தனியாக எடுத்து வைக்கப்பட்டன, பயன்படுத்த வேண்டாம் என்று சீட்டு ஒட்டியாயிற்று, டாக்டருக்குத் தகவல்." அடுத்த வரி: "பிளக்குக்குத் தனி பாயின்ட், சுவிட்சின் மேல் மூடி, 240 ரூபாய்." அவ்வளவுதான். யார் பிளக்கைப் பிடுங்கியது என்று எங்கேயும் இல்லை. யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெயரை எழுதினால் அடுத்த முறை யாரும் 11 என்று எழுத மாட்டார்கள், 4 என்றே எழுதுவார்கள். குழந்தைக்குப் போகிற ஊசி அது.

அவர் செய்த மற்றவை: பிரிட்ஜ் கதவுத் தட்டில் தடுப்பூசி வைப்பதில்லை, திறந்து மூடும்போது சூடு ஏறுவது அங்கேதான். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் (டி.டி.) வகை ஊசிகள் உறைந்தால் வீண், அதனால் ஃப்ரீசரை ஒட்டி அவற்றை வைக்கக் கூடாது. பலர் சூட்டுக்கு மட்டும் பயப்படுகிறார்கள், உறைந்து கெடுவதும் அதே அளவு நடக்கிறது. சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வேறு பிரிட்ஜில். கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்கவே கூடாது, வெளியில் தொங்கும் தெர்மாமீட்டர் போதும்.

ஆக்சிஜனிலும் அதே ஒழுங்கு. பெரிய டி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 700 நிமிடம், பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கை அட்டையில் எழுதிச் சிலிண்டர் கழுத்தில் மாட்டியிருந்தார், நைட் சிஸ்டர் மனக்கணக்கு போட வேண்டியதில்லை. ஸ்பேனர் சங்கிலி போட்டுச் சிலிண்டரோடேயே தொங்கும். முழு சிலிண்டர் நான்கு இருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பேனர் கிடைக்கவில்லை என்றால் என்ன பயன்?

ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை, வாலாஜா

மேலே சிஸ்டர் சொன்னதை நூற்றுக்கு நூறு ஏற்கிறேன். பணியாளர் கையில் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்தினால் எழுதி வைக்கிற ஊசி குத்திய நோட்டும் அப்படித்தான். "இந்த வருடம் ஒருவருக்கும் ஊசி குத்தவில்லை" என்று ஒரு ஆஸ்பத்திரி பெருமைப்பட்டால், அங்கே துப்புரவுப் பணியாளர்கள் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் பையில் துணிக்கழிவும் பஞ்சும், சிவப்பில் டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்சு, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் ஊசி, நீலத்தில் கண்ணாடி என்று 2016 மருத்துவக் கழிவு விதி சொல்வதை எல்லாரும் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஊசி மஞ்சள் பைக்குள் போய்விடுவதும், பையைக் கட்டுகிற அம்மாவின் விரலில் ஏறுவதும் நிற்கவில்லை.

ஒரு மேனேஜர் செய்தது: குத்தினால் உடனே சோப்பும் தண்ணீரும், பிதுக்கக் கூடாது, நேராக டியூட்டி டாக்டரிடம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. அந்த நாளுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை, திட்டு இல்லை. முதல் மூன்று மாதத்தில் நோட்டில் எண்ணிக்கை கூடியது. நிர்வாகம் பதறியது. அவர் பதறவில்லை, எந்த வார்டு, எந்த ஷிப்ட் என்று பிரித்துப் பார்த்து, டிரஸ்ஸிங் டிராலியிலேயே ஒரு வெள்ளை டப்பாவைக் கட்டிவிட்டார். ஊசி போட்டவர் டப்பா இருக்கும் மூலை வரைக்கும் நடக்க வேண்டியிருந்ததுதான் காரணம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்தே ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ், 0, 1, 6 மாதம். ஆறாவது மாத டோஸ்தான் விட்டுப்போகும், அதற்குள் கான்ட்ராக்ட் ஆள் மாறியிருப்பார். சம்பளப் பட்டியலிலேயே டோஸ் தேதிக்கு ஒரு பத்தி போட்டு வைத்தார். கழிவு வண்டி பண்டிகைக்கு வராவிட்டாலும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதற்கு முன்கூட்டியே போன்.

இன்சூரன்ஸ் டெஸ்க், குடியாத்தம்

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு முதல்வர் காப்பீட்டு அட்டைக்காக ஜனங்கள் அலைந்தது கொஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் பழைய நினைப்பில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போவார், திருப்பத்தூருக்குப் போங்கள் என்பார்கள். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு என்றால் வேலூர். பீடி சுற்றுகிற அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு மேனேஜர் இதை உள்ளங்கை அளவுச் சீட்டாக அடித்து வைத்தார்: உங்கள் தாலுகா, உங்கள் கலெக்டர் ஆபீஸ், கொண்டுபோக வேண்டியது ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று. தன் ஆஸ்பத்திரியில் சேராதவர்களுக்கும் அந்தச் சீட்டு. இதைத்தான் நான் தொண்டு என்பேன்.

சேர்க்கும்போதே ரேஷன் கார்டுப் பெயரையும் ஆதார்ப் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுவார். புது மருமகள் பெயர் மாமியார் வீட்டு ரேஷன் கார்டில் ஏறியிருக்காது. ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி இது தெரிய வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முகாம் ஒருங்கிணைப்பு, ஆம்பூர்

தொண்டு என்றதும் முகாம் போட்டோவை அனுப்புவார்கள். போட்டோவைத் தள்ளி வையுங்கள். முகாமுக்கு ஒரு மாதம் கழித்து அந்த மேனேஜர் கையில் என்ன பட்டியல் இருந்தது என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் சாலையோரத்தில் வண்டி நிறுத்தி வைத்தியம் பார்த்த மண் இது. ஒருநாள் கூத்தை முகாம் என்று சொல்ல இங்கே மனசு வரக் கூடாது.

ஒழுங்காக நடத்தியவர் ஒருவர். 150 பேர் எதிர்பார்த்தால் சுகர் பார்க்க 170 ஸ்ட்ரிப், விரலில் குத்த 170 லான்செட். ஸ்ட்ரிப் டப்பா மேசை நிழலில், மூடி இறுக்கி. மே மாதம் 40 டிகிரி தாண்டும் வெயிலில் வேனுக்குள் விட்டால் மீட்டரே வேலை செய்யாது, செய்தாலும் எண்ணை நம்ப முடியாது. தோல் தொழிற்சாலை ஆட்கள், மாம்பழம் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள், எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே விரலில் குத்தல், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டு. பி.பி.க்கு ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுத்தான் பட்டை கட்டுவது, 140/90 தாண்டினால் இன்னொரு முறை. நாற்காலி போதாமல் நிற்க வைத்தே பார்த்த முகாமில் பாதிப் பேருக்கு பி.பி. என்று வரும்.

நாள் பார்ப்பதிலும் யோசனை இருந்தது. ஷூ கம்பெனி, டேனரி ஆட்களுக்கு ஞாயிறு. வேலூர்ப் பக்கம் என்றால் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை, ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் தானாக வந்து சேரும் இடம், வேறு எங்கே கூப்பிட்டாலும் அவர்கள் வர மாட்டார்கள். சுகர் 140க்கு மேல் வந்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் தனித் தாளில். அதில் ஒரு நகல் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறதே, அவர்கள் கைக்கு. ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் போன். போனில் கிடைக்காதவர்களுக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்றே எழுதியிருந்தார். அதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், ஆற்காடு

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நோட்டு மட்டும் போதாது. அழகாக நோட்டு எழுதிவிட்டு ஆட்களை வதைக்கிறவர்களும் உண்டு. மேனேஜர் லீவில் இருக்கிற நாளில் தேர்வுக் குழு போக வேண்டும். டிஸ்சார்ஜ் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று பாருங்கள். காலை ஒன்பதுக்கு டாக்டர் போகலாம் என்று சொல்லி, மருந்து ரிட்டர்ன், சம்மரி, பில் என்று இழுத்து மாலை மூன்றுக்கு அனுப்புகிற இடமே அதிகம். முந்தைய மாலையே சம்மரி டைப் ஆகி, மருந்து ரிட்டர்ன் முடிந்திருந்தால் பதினொன்றுக்குள் ஆட்டோவில் ஏறிவிடலாம். மேனேஜர் இல்லாத நாளிலும் அது நடந்தால் அவர் ஆட்களைப் பழக்கியிருக்கிறார். அவர் வந்தால்தான் நடக்கும் என்றால் உழைப்பாளி, சந்தேகமில்லை, ஆனால் தலைமை என்று நான் எழுத மாட்டேன். வாட்ச்மேனையும் கூட்டுகிற அம்மாவையும் தனியாகக் கேளுங்கள், மேனேஜர் அறையில் வைத்துக் கேட்காதீர்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

எல்லாவற்றையும் குழுவிடம் கொடுத்தாயிற்று. ஆற்காடு சொன்ன லீவு நாள் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் வைத்து நடக்கும் கிளினிக்கையும் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள், தனித்தனியாகப் பார்ப்பார்கள். பரிந்துரை ஒரு பக்கம் போதும்: முன்பு என்ன நிலை, என்ன செய்தார், இப்போது என்ன நிலை, எண்ணோடு. நோயாளி பெயரோ முகம் தெரியும் போட்டோவோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடவே கடந்த ஏப்ரல், மே மாதத்து பிரிட்ஜ் நோட்டும் ஊசி குத்திய நோட்டும் வேண்டும். அசல் நோட்டு. டீக்கறை இருந்தாலும் பரவாயில்லை, புது நோட்டில் திருத்தி எழுதிக் கொண்டுவர வேண்டாம்.