புதுத்தோட்டத்தில் சோலைமந்தி கூடியிருக்கிறதே, அப்புறம் என்ன ஒப்பாரி?

தேயிலைத்தம்பி: காடு துண்டு துண்டானால் உயிரினங்கள் அழியும் என்று நேற்று ஒருவர் இங்கே ஒப்பாரி வைத்திருந்தார். வால்பாறை புதுத்தோட்டத்துக்கு வந்து பாருங்கள் சார். சுற்றிலும் தேயிலையும் காபியும், நடுவில் 92 ஹெக்டேர் சோலைக்காடு. சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, குறைந்ததா? கூடியிருக்கிறது!

கொண்டைஊசி40: ஒப்பாரி வைத்தவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கூடியது ஒரே ஒரு குரங்கு இனம். அடர்காட்டை விட்டு வெளியே வராத பறவைகள் சின்னச் சோலைகளில் குறைகின்றனவே, அதை யார் எண்ணுவது? வளர்ந்த ஆண் மந்தி வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும், தேயிலைக்கு நடுவே எந்தக் கிளையைப் பிடித்துப் போகும்? மரம் விட்டு மரம் தாவுகிற பிராணி ரோட்டில் இறங்கிக் காரில் அடிபட்டுச் சாகிறது. அதனால்தான் பொள்ளாச்சி ரோட்டுக்கு மேலே தொங்குபாலம் கட்டிவிட்டார்கள். காடு முழுசாக இருந்தால் பாலம் எதற்கு?

தேயிலைத்தம்பி: இவ்வளவு நீளமாக எழுதியும் பதில் வரவில்லை. கூடியதா, இல்லையா?

பாடிவீட்டுக்காரி: கூடியதோ இல்லையோ, எங்கள் பாடியில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீடுகளில், ஓடு தங்குவதில்லை. போன வாரம் இரண்டு ஓட்டை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கி, முட்டையை எடுத்துக்கொண்டு சீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனது. ஓட்டுக்கு யார் காசு தருவீர்கள்?

கொண்டைஊசி40: அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். காட்டு மரத்தில் வெடிப்பலா தின்ன வேண்டியது முட்டை திருடுகிறது. இதற்குப் பெயர் செழிப்பாம்!

பாடிவீட்டுக்காரி: நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை தம்பி. சிப்ஸ் போட்டுப் பழக்கியது உங்களைப் போலப் படம் எடுக்க வருகிறவர்கள்தான்.

கொண்டைஊசி40: நான் ஒரு நாளும் சிப்ஸ் போட்டதில்லை. எட்டு வருடமாக மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அந்த மலையில் அலைகிறவன் நான். ஏசி காரில் வந்து எண்ணிவிட்டுப் போகிறவர்களைக் கேளுங்கள்.

தேயிலைத்தம்பி: எட்டு வருடம் அலைந்தவர்தான் போன தீபாவளிக்குக் கருமந்தி என்கிற வேறு குரங்கின் படத்தைப் போட்டு 'சிங்கவால் குரங்கு' என்று எழுதினார். பிடரியும் தெரியவில்லை, வால் நுனிக் குஞ்சமும் தெரியவில்லை.

கொண்டைஊசி40: அது மூடுபனி. அன்றைக்கே திருத்திவிட்டேன். அதை இன்னும் எத்தனை தீபாவளிக்கு இழுப்பீர்கள்?

தேயிலைத்தம்பி: சரி, மூடுபனி. மந்தி கூடியதா, இல்லையா?