அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் (பிஏ) சேர்க்கையில் ஜிஆர்இ மார்க்குக்கு எவ்வளவு எடை?

ஹூஸ்டன் செல்வி:
அக்கா மகள் அடுத்த சுற்றில் பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது பிஏ படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பார்த்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருகிற வேலை. இப்போது ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது அவசர முதலுதவி செய்பவளாக இருக்கிறாள். கோடையில் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு ஜிஆர்இக்கு, அதாவது மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்கிறாள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணிதன்:
கட்டாயம் படிக்கச் சொல்லுங்க. காஸ்பா, அதாவது பிஏ கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம் வழியா வர்ற விண்ணப்பங்கள்ல ரெண்டு பேருக்கு ஒரே 3.6 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடுற கல்லூரி மார்க் சராசரி) இருக்கும். ஒருத்தர் கறாரா மார்க் போடுற கல்லூரியில ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிச்சவர், இன்னொருத்தர் தாராளமா போடுற இடத்துல படிச்சவர். தேர்வுக் குழு எதை வெச்சுப் பிரிக்கும்? எல்லாரும் எழுதின ஒரே தாள் ஜிஆர்இ மட்டும்தான். படிப்பு முடிஞ்சதும், பிஏவா வேலை பார்க்கத் தகுதி தர்ற பான்ஸ் தேர்வு காத்திருக்கு: 300 கேள்வி, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை, 200-லிருந்து 800 வரை மார்க், 350 வந்தாதான் பாஸ். தேர்வு எழுதத் தெரியாதவங்க கடைசி வாசல்ல நின்னுடுவாங்க.

இரவுப்பணி:
இதை நான் ஏற்கவே மாட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பிஏவாக வேலை பார்க்கிறேன். ஜிஆர்இயில் விகிதம், வடிவியல், அரிதான ஆங்கிலச் சொற்கள், ஒரு கட்டுரை இருக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கேள்வி உண்டா? இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களைத்தான் சேர்த்தார். 1967-ல் மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள். காயம்பட்டவர்களைக் கையால் தொட்டுப் பார்த்த அனுபவம்தான் அவர்களுடைய தகுதி. அந்தப் பெண் ஷிஃப்டைக் குறைப்பது பெரிய தப்பு.

எண்கணிதன்:
1965 வேற காலம். இன்னிக்கு சுமார் 27 மாசத்துல முழுப் படிப்பையும் முடிச்சாகணும். முதல் வருஷம் வாரா வாரம் கொட்டுற பாடத்தைத் தாங்குற தலை வேணும். இன்னொண்ணு: பான்ஸை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினவங்க விகிதத்தை ஒவ்வொரு கல்லூரியும் தன் வலைத்தளத்துல போட்டாகணும், அது அங்கீகார விதி. அந்த விகிதத்தை நினைச்சுக் கவலைப்படுற துறைத் தலைவர் மார்க்கைப் பார்க்காம விடுவாரா? நீங்க சொல்ற அனுபவத்தை விண்ணப்பத்துல மணிநேரமா எழுதுறதும் லேசுப்பட்ட கணக்கில்லை. 911 அவசர அழைப்புக்கு ஓடுற இஎம்டிக்கும், முதியோர் இல்லத்துலேர்ந்து டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற இஎம்டிக்கும் தாள்ல ஒரே மணிநேரம்தான்.

இரவுப்பணி:
டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் இஎம்டியைக் குறைவாகப் பேசாதீர்கள். பேச்சு குழறும் பாட்டிக்கு வந்திருப்பது பக்கவாதமா, சர்க்கரை இறங்கியதா என்று முதலில் சந்தேகப்படுவது பல நேரம் அவர்தான். எந்தத் தாளில் இதற்கு மார்க் போடுவீர்கள்?

மதுரைப் பாண்டி:
நம்ம ஊர் நீட் சண்டை அமெரிக்காவுக்கும் வந்துடுச்சா!

தேன்மொழி:
இல்லை அண்ணா, ரெண்டும் வேறே. நீட்டில் ரேங்க்தான் சீட். இங்கே ஜிபிஏ, அறிவியல் ஜிபிஏ, அனுபவ மணிநேரம், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரை, நேர்முகம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் மார்க்கைப் பார்ப்பாங்க.

நான் பிஏ இரண்டாம் ஆண்டு மாணவி. நிறைய கல்லூரிகள் ஜிஆர்இ கேட்பதே இல்லை. கேட்கிற இடங்களில் பலவும் அதை ஒரு கீழ்வரம்பாகத்தான் வெச்சிருக்காங்க. அதுக்குக் கீழே போனா விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டாங்க; தாண்டினதுக்கப்புறம் இன்னும் பத்து மார்க் கூட வாங்கினாலும் பெருசா ஒண்ணும் மாறாது. சில இடங்களில் பிஏ கேட் என்று தனித் தேர்வு உண்டு, அதில் உடற்கூறியல், உடலியல், வேதியியல் எல்லாம் வரும். இரவுப்பணி அண்ணாவோட சிறுநீரகக் கேள்விக்கு அங்கே இடமிருக்கு!

ஆனா எண்கணிதன் சார் சொல்லாம விட்ட ஒரு காரணம் இருக்கு, எனக்கு அதுதான் வலுவாத் தெரியுது. ஒரு பாடத்தில் சி கிரேடு வாங்கி, திரும்பப் படிச்சு ஏ வாங்கினாலும் காஸ்பா ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். நாலு வருஷ ஜிபிஏவை அதுக்கப்புறம் அசைக்கிறது ரொம்பக் கஷ்டம். பதினெட்டு வயசில் தடுமாறினவங்களுக்கு, இன்னிக்கு என்னால முடியும்னு காட்ட சீக்கிரம் கிடைக்கிற புது எண் அந்த மார்க்தான்.

இரவுப்பணி:
அது நியாயமான காரணம். ஆனால் அப்படித் தடுமாறியவர்களில் பலர் படிக்கும்போதே வேலைக்கும் போனவர்கள். அவர்களிடமே 220 டாலர் கட்டணமும் பயிற்சிக்கு மாதக்கணக்கில் நேரமும் கேட்கிறோமே.

எண்கணிதன்:
வசதியில்லாதவங்களுக்குக் கிட்டத்தட்ட பாதிக் கட்டணச் சலுகை இருக்கு. தயாரிப்புக்கான இலவசத் தாள்களை, தேர்வை நடத்துற இடிஎஸ்ஸே தருது. அனுபவத்தைக் கேட்டா மட்டும் என்ன? பெரிய மருத்துவமனையில தெரிஞ்ச டாக்டர் பின்னாடி நின்னு பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அங்கே காசும் செல்வாக்கும் இதைவிட அதிகமாப் பேசும்.

ஹூஸ்டன் செல்வி:
அவளுக்கு முதல் ஆண்டு வேதியியலில் சி, திரும்பப் படித்து ஏ. மற்ற அறிவியல் பாடமெல்லாம் நன்றாக இருக்கிறது. பட்டியலில் உள்ள கல்லூரிகளில் இரண்டுதான் ஜிஆர்இ கேட்கின்றன.

தேன்மொழி:
அப்ப ஒரே ஒரு சி-க்காக பயப்பட வேண்டாம் அக்கா. அந்த ரெண்டு கல்லூரியும் கீழ்வரம்பு போட்டிருக்காங்களான்னு பாருங்க. மாதிரித் தேர்வு ஒண்ணு எழுதி அதைத் தாண்டினா, ஷிஃப்டைக் குறைக்காம எழுதிடலாம். மார்க் அஞ்சு வருஷம் செல்லும். காஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கும். பல இடங்களில் விண்ணப்பம் வர வரவே பார்த்து அழைக்கிறாங்க, அதனால மார்க்குக்காகக் காத்திருந்து தாமதமா அனுப்புறதுதான் பெரிய நஷ்டம்.

எண்கணிதன்:
கீழ்வரம்பைத் தாண்டினா போதும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு கல்லூரியையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடாதீங்க. எழுதட்டும்.

இரவுப்பணி:
எழுதட்டும், ஆம்புலன்ஸை விட்டு இறங்காமல்.