ஆமைப் பொரிப்பகத்தில் மணல் சூடு: என்ன செய்யலாம்?

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காக் கரையோரம் பங்குனி ஆமைப் (ஆலிவ் ரிட்லி கடலாமை) பொரிப்பகங்களில் சீசன் வேலை பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி.

ஆமை கரையில் இட்ட முட்டைகளை உருட்டாமல் ஆறு மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருவது, ஒன்றரை அடி ஆழத்தில் வாய் குறுகிய குடம் போலக் குழி, குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி. இதிலெல்லாம் சிக்கல் இல்லை. சிக்கல் சித்திரை வெயில்தான். முட்டை இருக்கும் ஆழத்திலேயே மணல் 33 டிகிரி காட்டுகிறது. 30-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுதான், அது கூடப் பரவாயில்லை. 35-ஐ ஒட்டி நின்றால் கரு செத்துவிடும். பொரிப்பதற்கு முந்தைய இரண்டு வாரம் ஒரு குழியில் இருக்கும் நூற்றுச் சொச்சம் முட்டைகளும் தாமாகவே சூடு கிளப்பும்.

பச்சை நிழல்வலை ஒரு அடுக்கு கட்டியும் போதவில்லை. இரண்டாம் அடுக்கை ஓரடி இடைவெளி விட்டுக் கட்டினால் பலன் உண்டா? கீற்று குளிர்ச்சிதான், ஆனால் எறும்பு வருமே! நல்ல தண்ணீர் தெளிப்பவர்கள் எந்த நேரத்தில், சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் விடுகிறீர்கள்? அதிகமானால் மணல் இறுகிக் காற்றோட்டம் போய்விடுகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. வெப்பமானி முனையை முட்டைகளுக்கு நடுவிலா, பக்கத்து மணலிலா வைப்பீர்கள்?

அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.