800 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) ரெக்கார்டு பிளேயர்: புதுசா, பழசா?

ஒட்டுப்பால்:
சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர். அவர் விட்டுப் போன இசைத்தட்டுகள் அறுபது சொச்சம். பெரும்பாலும் 45 சுற்று சின்னத் தட்டுகள், பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பெரிய எல்பி தட்டுகள், மூன்று பழைய 78 சுற்றுத் தட்டுகள்.

போன மாதம் ஆசைப்பட்டு 180 வெள்ளிக்கு ஒரு சூட்கேஸ் பிளேயர் வாங்கினேன். பாட்டில் ‘ச’ வரும் இடமெல்லாம் எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். இப்போது 800 வெள்ளி வரை போகலாம். புது ஆடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ் வாங்கவா, பழைய ஜப்பான் செட்டைப் பிடித்து மெல்ல மெல்ல மேம்படுத்தவா?

ஊசிமுனை:
முதலில் அந்த சூட்கேஸை மூடுங்கள் தம்பி. அந்த மாதிரிப் பெட்டிகளில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி). தட்டின் மேல் ஐந்து ஆறு கிராம் எடையோடு உட்காரும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். தாத்தா தட்டை உழுதுவிடாதீர்கள்.

60எக்ஸ் வேண்டாம். அதில் எடையைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, கார்ட்ரிட்ஜையும் கழற்ற முடியாது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் பழைய டைரக்ட் டிரைவ் செட் ஒன்றை வாங்கி, ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜை மாட்டுங்கள். பின்னால் காசு சேர்ந்தால் ஊசியை மட்டும் உருவிவிட்டு அதே உடம்பில் மைக்ரோலைன் என்ற நுண்ணிய முனை ஊசியைச் செருகலாம். விஎம்95இ ஊசிக்கு ஆயுள் 300 மணி நேரம் என்றால் அதற்கு 1000 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது. என்னிடம் ஒரு செட் சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் பேசலாம்.

லயத்துவீடு44:
கடைசி வரியில் விஷயம் வெளியே வந்துவிட்டது பாருங்கள்!

தம்பி, என் கதையைக் கேளுங்கள். ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரப்பர் பெல்ட்டில் சுழலும் ஒரு ஜப்பான் செட் வாங்கினேன். மரப் பெட்டி, பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம் வீட்டுக் கரண்டுக்கு அப்படியே சொருகினால் புகைதான். டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினேன். பாட்டு வந்தது, ஆனால் சுசீலாம்மா தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருந்தது. ஜப்பானில் கிழக்குப் பக்கம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60. எனக்கு வாய்த்தது 60க்கான புல்லி (பெல்ட்டை இழுக்கும் மோட்டார் சக்கரம்). நம் 50இல் ஓட்டினால் 33 சுற்று 28க்கு இறங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது.

அப்புறம் பெல்ட் இளகிப் போனது. கித்தா (ரப்பர்) ஊரில் பிறந்தவன், ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தேன்.

60எக்ஸ் பெட்டியைப் பிரித்தால் அன்று சாயந்திரமே பாட்டு. ஊசியின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஊசி பிடித்த ஆர்ம் தானாகப் போய் இறங்கும், முடிந்ததும் தானாகத் திரும்பும். 7 அங்குலத் தட்டுக்குத் தனியே ஒரு சுவிட்ச். டின் நிறைய 45 வைத்திருப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

ஊசிமுனை:
பெல்ட் செட் வாங்கி மாட்டிக்கொண்டது உங்கள் பிழை. நான் சொன்னது டைரக்ட் டிரைவ், அதிலும் வேகத்தைக் கட்டுப்படுத்த குவார்ட்ஸ் படிகம் வைத்தது. அதன் வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமில்லை. வோல்ட் மட்டும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கென்று செய்த செட்டில் பலதற்கு 240 சரியாக இருக்கும். 60எக்ஸில் உட்பள்ளத்துப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? எல்பியின் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கும். அதன் ஊசி முனை உருண்டை. உள்ளே போகப் போக நெருங்கும் நெளிவுகளுக்குள் அது நுழையாது.

லயத்துவீடு44:
60எக்ஸுக்கும் ஊசி மாற்றலாம் ஐயா. அதே அளவில் நீள்வட்ட முனை ஊசியை வேறு கம்பெனிகள் விற்கின்றன, இழுத்தால் கழன்று வரும். தேய்ந்த தட்டில் நுண்ணிய முனையை வைத்தால் கீறலும் சேர்ந்து துல்லியமாகக் கேட்கும், அதையும் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
தேய்ந்த இடத்துக்குக் கீழே, தேயாத சுவரைத் தொடவும் அதே முனைதான் உதவும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

கித்தாக்காடு:
இரண்டு பேரும் ஊசியிலேயே நிற்கிறீர்கள். தம்பி, டின்னைத் திறந்தபோது பூஞ்சணம் பூத்திருந்ததா? நம் ஊர் ஈரத்துக்குக் கட்டாயம் இருக்கும். என் மாமனார் தட்டுகளில் சாம்பல் வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மெல்லிய துணி, பள்ளம் போகும் வாக்கில் துடையுங்கள். நடுவில் ஒட்டிய தாள் நனையக் கூடாது. எனக்கு அப்பளச் சத்தத்தில் பாதி அதிலேயே போனது.

78 மூன்றையும் இதில் சேர்க்காதீர்கள். அது அரக்குத் தட்டு, ஆல்கஹால் பட்டால் கரையும். பள்ளமும் அகலம், எல்பி ஊசியைவிட நாலு மடங்கு தடித்த ஊசி வேண்டும். 60எக்ஸில் 78 வேகமே கிடையாது. எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

என்னைக் கேட்டால் 60எக்ஸ்தான். மிச்சக் காசு இருந்தால் ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

ஒட்டுப்பால்:
நன்றி அக்கா. நேற்று ராத்திரி ஒரு தட்டைக் கழுவினேன். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. உறையின் பின்னால் தாத்தா பென்சிலில் வாங்கிய தேதியும் விலையும் எழுதியிருக்கிறார், கிராணி புத்தி.

78 ஒரு நாள் ஓட வேண்டும் என்று ஆசை இருக்கிறது, அதனால் மனசு இன்னும் பழைய செட் பக்கமும் இழுக்கிறது. ஊசிமுனை அண்ணே, உங்கள் செட்டில் 78 உண்டா? பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். 240 என்று இருந்தால் விலை பேசுவோம்.

லயத்துவீடு44:
படம் மட்டும் வேண்டாம் தம்பி. முழுப் பாட்டு ஓடுகிற வீடியோவும் கேளுங்கள்.

ஊசிமுனை:
78 கிடையாது. தகடு 100தான். டிரான்ஸ்பார்மர் சேர்த்தே தருகிறேன்.