தோள்ல மாட்டுற பை 1955-லதான் வந்துச்சா?

குப்பத்துக்காரி: "பொம்பளைங்க தோள்ல மாட்டுற தோல் பையை முதல்ல கொண்டுவந்தது ஷனெல், 1955 பிப்ரவரி. அதுக்கு முன்னாடி எல்லாம் கையில பிடிச்சதுதான்"னு நேத்து ஒருத்தர் இங்க அடிச்சு விட்டிருக்காரு. பத்திக்கிட்டு வருது. அந்த பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியை ஆரம்பிச்ச ஷனெல் அம்மாவே 1929-லயே தோள் பை செஞ்சாங்க, சிப்பாய்ங்க மாட்டுற பையைப் பார்த்து. அப்ப 1955 எப்படி முதல்?

ஆம்பூர் ராஜா: எழுதினது நான்தான். பேர் சொல்ல வாய் வரலையா? அந்தப் பை பேரே 2.55. மாசமும் வருஷமும் பேர்லயே இருக்கு. ஊரு உலகமே வாங்கினது அதைத்தான். 1929 சரக்கை யார் கண்டா?

குப்பத்துக்காரி: பேர்ல வருஷம் இருந்தா அதுதான் முதலாண்ணா? ஹெர்மெஸ்ங்கிற பிரெஞ்சு கம்பெனியோட கெல்லி பை 1930கள்லயே கடையில இருந்துச்சு. 1956-ல சினிமா நடிகையா இருந்து மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லி புள்ளத்தாச்சி வயித்தை அதால மறைச்ச போட்டோ வந்துச்சு. கெல்லின்னு கம்பெனி பேர் வச்சது 1977-ல. உங்க கணக்குப்படி அந்தப் பை 1977-லதான் பொறந்துச்சா?

வி.கோட்டா மாமா: ரெண்டு பேரும் தோளை விட்டு இறங்குங்க. 1790கள்ல ஐரோப்பாவுல மெல்லிசு மஸ்லின் கவுன் வந்துச்சு. உள்ள இடுப்புல கட்டுற பை துருத்திக்கிட்டுத் தெரிஞ்சதால சின்னப் பை கைக்கு வந்துச்சு. கதை அங்கதான் தொடங்குது.

ஆம்பூர் ராஜா: அது துணிச் சுருக்குப்பை மாமா. தோல்னா எங்க ஊரைக் கேளுங்க. 2.55-ல சங்கிலிக்குள்ள தோலைக் கோத்திருப்பான் பாருங்க, அந்த வாருதான் தோள் பைக்கே முதல் வாரு. 1955!

குப்பத்துக்காரி: மாட்டிக்கிட்டீங்க. 1955 பையில இருந்தது வெறும் உலோகச் சங்கிலி. தோல் கோத்த சங்கிலி 1980கள்ல ஷனெல் கம்பெனிக்கு டிசைனரா வந்த கார்ல் லாகர்ஃபெல்ட் பண்ணது. நான் வாரு தைக்கிறவ. ஓரத்தை இழைச்சு, பசை தடவி மடிச்சு, ரிங்கு மாட்டுற இடத்துல ரெட்டைத் தையல் போடணும். அங்க கை அசந்தா பொருள் நிரப்பினதும் பிய்யும். சங்கிலிக்கும் தோல் வாருக்கும் வித்தியாசம் தெரியாதவர் எனக்கு வரலாறு சொல்றாரு.

ஆம்பூர் ராஜா: தைக்கிறது எங்க ஊர்க் கம்பெனியிலதானே தங்கச்சி? குப்பத்துலேந்து ரயிலேறி எங்ககிட்டதான் வர்றீங்க.

குப்பத்துக்காரி: வேலைக்கு வர்றோம், பிச்சைக்கு இல்ல. போன மாசம் செருப்பு விலைப் பேச்சுலயும் பதில் இல்லாதப்ப இதே ஊர்ப் பெருமைதான் பேசினீங்க.

வி.கோட்டா மாமா: ஊர்ப் பேச்சு வேண்டாம்பா. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மெட்ராஸ் தோல் அந்தக் காலத்துலயே லண்டனுக்குக் கப்பல் ஏறினது. அதுல ஆம்பூர் என்ன, குப்பம் என்ன?

ஆம்பூர் ராஜா: இப்ப பெரும்பாலும் குரோம் உப்புலதான் பதனிடுறாங்க மாமா, ஆவாரம்பட்டையைத் தொடுறவங்க கம்மி. தங்கச்சி என்ன கத்தினாலும் 1955 தான்.

குப்பத்துக்காரி: 1929. போர்க்காலத்துல 1940கள்லயே பொம்பளைங்க தோள்ல பை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனாங்க. அதுக்கும் நீங்க வாய் திறக்கல. சங்கிலிக்கும் பதில் வரல. பதிலோட வாங்க.

ஆம்பூர் ராஜா: ஷிப்டு முடிச்சு வரேன். 1955.