100 ஏஎச் பேட்டரி மாட்டியும் வயர்லெஸ் டவர் இரண்டாவது மின்வெட்டைத் தாங்கவில்லை: எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். சின்ன அளவில் வயர்லெஸ் இன்டர்நெட் இணைப்பு கொடுத்து வருகிறேன். மொட்டைமாடி டவர் ஒன்றில் மூன்று செக்டர் ரேடியோ (ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து வாடிக்கையாளர்களுக்குச் சிக்னல் தரும்), ஒரு பேக்ஹால் (டவருக்கு நெட் கொண்டுவரும் இணைப்பு), ஒரு ரவுட்டர் இருக்கின்றன. ரேடியோ எல்லாம் 24 வோல்ட் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் மொத்தம் 62 வாட். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி அரை மணிகூடத் தாங்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு, அதே வயரில் புதிய 100 ஏஎச் டியூபுலர் பேட்டரியை வெளியே வைத்து இணைத்தேன்.

முதல் தடவை இரவு முழுக்க 12 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஒரு ரேடியோகூட அணையவில்லை. காலையில் மின்சாரம் வந்து 10 மணி நேரம் இருந்தது. மாலையில் மறுபடி போனதும் இரண்டேகால் மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அப்புறம் மின்சாரம் வந்தும் யுபிஎஸ் தானாக எழவில்லை. நான் போய் பட்டனை அழுத்தும் வரை வாடிக்கையாளர்களுக்கு நெட் இல்லை. பேட்டரி பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில் 1

12 மணி நேரம் இழுத்த பேட்டரி நல்ல பேட்டரிதான், திருப்பிக் கொடுக்க வேண்டாம். மின்சாரம் இருக்கும்போது பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டர் போட்டு எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறது என்று சொல்லுங்கள். டிசி அளக்கும் கிளாம்ப்பாக இருக்க வேண்டும், ஏசி மட்டும் அளப்பது இங்கே பயன்படாது.

கேட்டவர்

பார்த்தேன். 0.8 ஆம்பியர்.

பதில் 1

அங்கேதான் சிக்கல். 62 வாட் லோடுக்கு இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 7 ஆம்பியர் போகும். 12 மணி நேரத்தில் 84 ஏஎச் காலி. 10 மணி நேரம் சார்ஜ் ஆனதில் திரும்பி வந்தது 8 ஏஎச்தான். அடியில் மிச்சமிருந்ததையும் சேர்த்தால் உங்கள் இரண்டேகால் மணிக்குக் கணக்கு சரியாக வருகிறது. இந்த வேகத்தில் அந்த 84 ஏஎச் திரும்ப வர நான்கு நாளுக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் ஒரு மின்வெட்டும் இல்லாமல்.

அந்த யுபிஎஸ்ஸின் சார்ஜர் 7 ஏஎச் பேட்டரிக்காகச் செய்தது. இன்வெர்ட்டர் பகுதியும் சில நிமிடம் ஓடுவதற்கு உண்டானது, மணிக்கணக்கில் ஓட்டினால் சூட்டிலேயே போய்விடும். எத்தனை மணி தாங்கும் என்று கேட்கிற அளவுக்கு, எத்தனை மணியில் நிரம்பும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் இரண்டு பேட்டரியை இப்படி அரைகுறை சார்ஜிலேயே வைத்து, தகட்டில் சல்பேட் படியவிட்டு இழந்திருக்கிறேன். உங்களுடையதை முதலில் வேறு சார்ஜரில் முழுசாக நிரப்பிவிடுங்கள்.

பதில் 2

யுபிஎஸ்ஸையே எடுத்துவிடுங்கள். பேட்டரியின் டிசியை ஏசி ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப டிசி ஆக்குகிறது. இரண்டு இடத்திலும் இழப்பு. நேரடி டிசியில் அதே கருவிகள் 50 வாட் பக்கம்தான் கேட்கும்.

ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுமா என்று லேபிளில் பாருங்கள். ஓடும் என்றால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கலாம். ரேடியோக்களுக்கு 12-லிருந்து 24 ஆக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர் போதும். இன்னொரு பேட்டரியைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கவும் செய்யலாம்தான். ஆனால் ஒருமுறை ஆழமாகக் காலியானதோடு புதியதைச் சேர்த்தால் இரண்டும் சமமாக நிரம்பாது.

சார்ஜர் 15 ஆம்பியராவது இருக்கட்டும். லோடு நாலரை ஆம்பியர் எடுத்துக்கொண்டாலும் பேட்டரிக்கு 10 ஆம்பியர் கிடைக்கும். சாதாரண 13.8 வோல்ட் பவர் சப்ளை வாங்குவதானால் கரன்ட் லிமிட் உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் காலியான பேட்டரியைக் கண்டதும் சப்ளை அணைந்து அணைந்து மறுபடி ஆன் ஆகும்.

குறை வோல்ட்டேஜில் துண்டிக்கும் கட்-ஆஃப் கட்டாயம் வேண்டும். 11.5-ல் துண்டித்து, 12.8-க்கு மேல் ஏறினால்தான் திரும்ப இணைக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் லோடு விலகியதும் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும், ரேடியோ பூட் ஆகும், வோல்ட்டேஜ் மறுபடி விழும். இப்படியே விடிய விடிய ரீபூட் ஆகி ரவுட்டரின் மெமரி கெட்டுப்போவதும் உண்டு. மின்சாரம் வந்து பேட்டரி ஏறியதும் கட்-ஆஃப் தானாகவே இணைத்துக்கொள்வதால் பட்டன் அழுத்த நீங்கள் ஓட வேண்டியதில்லை.

பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். டியூபுலரை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

இன்னொருவர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இரண்டு பேட்டரி தொடராக, பிஓஇக்கு நேராக 24 வோல்ட். மின்வெட்டின் கடைசியில் உச்சியில் இருக்கும் ரேடியோ மட்டும் ரீபூட் ஆகிறது. ரேடியோ பழுதா?

பதில் 2

கேபிள் எத்தனை மீட்டர்? 30 மீட்டர் கேட்5இ (வழக்கமான நெட்வொர்க் கேபிள்) என்றால் போய்வரும் மின்தடை இரண்டரை ஓம் வரும். அரை ஆம்பியருக்கே ஒன்றேகால் வோல்ட் கேபிளில் போய்விடும். பேட்டரி இறங்க இறங்க ரேடியோ அதே வாட்டுக்கு அதிக ஆம்பியர் இழுக்கும், இழப்பும் கூடும். நீளமான கேபிளில் இருப்பதுதான் முதலில் விழும். சீரான வெளியீடு தரும் கன்வெர்ட்டரை இடையில் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னபடி 15 ஆம்பியர் சார்ஜர், பூஸ்ட் கன்வெர்ட்டர், கட்-ஆஃப், ஃபியூஸ் எல்லாம் போட்டாயிற்று. போன வாரம் 9 மணி நேர மின்வெட்டு, முடிவில் பேட்டரி 12.2 வோல்ட். எட்டு மணி நேரம் மின்சாரம் இருந்தது, மறுபடி 7 மணி நேரம் போனது. எதுவும் அணையவில்லை. ரவுட்டரே வோல்ட்டேஜைக் காட்டுவதால் 11.9-க்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வரும்படி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த டவருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கினால் இதே சார்ஜர் போதுமா?

பதில் 1

14.4 வோல்ட் வரை ஏறும் சார்ஜர் என்றால் பெரும்பாலும் சரிப்படும், ஆனால் ஈகுவலைஸ் மோடை (லெட் ஆசிட் பேட்டரிக்காக வேண்டுமென்றே அதிக வோல்ட்டேஜ் ஏற்றுவது) அணைத்துவிடுங்கள். இன்னொன்று, பேட்டரிக்கு உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) துண்டிப்பதற்கு முன்பே உங்கள் கட்-ஆஃப் துண்டிக்க வேண்டும். பிஎம்எஸ் துண்டித்தால் முனையில் வோல்ட்டேஜே தெரியாது, சில சார்ஜர்கள் பேட்டரி இல்லை என்று நினைத்து சார்ஜே தொடங்காது. அப்போது மறுபடி நீங்கள்தான் மாடி ஏற வேண்டியிருக்கும். வாங்கும் முன் பேட்டரியின் டேட்டாஷீட்டில் துண்டிக்கும் வோல்ட்டேஜைப் பார்த்து இங்கே எழுதுங்கள், கட்-ஆஃப் எதில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.